கம்பம் நட்ட பிறகு தீம் பார்க்

என் தங்கைக்கு ஒரு காரியத்தை யோசிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. பொங்கல் முடிந்த கையோடு ஆரம்பித்துவிட்டாள். சாயங்காலம் நான் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருப்பேன், போன் டிங் என்று அடிக்கும். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அமுக்கினால் கல்ஃபிலிருந்து அவள் குரல் வரும்.

"அக்கா, கேளு. முதல்ல தண்ணியில்லாத ரைடு பூராம் முடிச்சறோணும். சாப்பாட்டுக்கு மேலதான் தண்ணி ரைடு. மாத்திச் செஞ்சா நனைஞ்ச துணியோட வரிசையில நிக்கோணும், புள்ளைக்குச் சளி புடிச்சிக்கும். மறந்தராத."

அடுத்த நாள் இன்னொன்று. பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்களாம், நைலானில்தான் போட வேண்டுமாம். அதற்கடுத்த நாள், பிள்ளையின் உயரத்தைச் சுவரில் நிறுத்தி அளந்து அனுப்பு என்று. உயரம் போதாவிட்டால் சில ரைடுகளில் ஏற்ற மாட்டார்களாம். நானும் அளந்து அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அளக்கச் சொன்னாள். பிள்ளை என்ன புடலங்காயா, வாரத்துக்கு வாரம் நீள்வதற்கு? எனக்கு வந்த எரிச்சலில் பழைய அளவையே திருப்பி அனுப்பினேன்.

அவள் ஏன் இப்படி மெனக்கெடுகிறாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை அவள் பெற்றது, வளர்வது என்னிடம். தங்கையும் அவள் வீட்டுக்காரரும் அங்கே ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார்கள். அவள் நர்ஸ், அவர் லேப். பிள்ளைக்கு இரண்டு வயது ஆனபோது இரண்டு பேருக்கும் நைட் டூட்டி மாறி மாறி வந்து, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் மலையாள எல்லையோரம் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊரில் என்னிடம் விட்டுப் போனார்கள். ஒரு வருஷம் என்றுதான் பேச்சு. இப்போது பிள்ளைக்கு எட்டு. என் மகன் கோயம்புத்தூர் காலேஜில் ஹாஸ்டலுக்குப் போய்விட்ட பிறகு வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு மாடுகளும் இவளும்தான்.

என்னை அம்மா என்பாள். பெற்றவளுக்கு அவளாகவே ஒரு பெயர் வைத்திருந்தாள், போனம்மா. தினமும் போனில் வருகிற அம்மா. "போனம்மா, சாப்ட்டீங்களா? டூட்டி முடிஞ்சுதுங்களா?" என்று மரியாதையாகக் கேட்பாள். என்னிடம் "ஏம்மா, நீ எங்கம்மா போய்த் தொலைஞ்ச?" என்று கத்துகிற அதே வாய்.

"என்னையப் போயி நீங்க வாங்கங்கறா அக்கா" என்று ஒரு நாள் தங்கை அழுதாள். "பேங்க் மேனேஜர்கிட்டப் பேசற மாதிரிப் பேசறா."

இந்த ஜூனில் பிள்ளையை அங்கே கூட்டிப்போவது என்று முடிவாகியிருந்தது. விசா வந்தாயிற்று, பள்ளிக்கூடத்தில் இடமும் கிடைத்தாயிற்று. பிள்ளையிடம் சொன்னதற்கு, வரமாட்டேன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அழுது அடம் பிடித்திருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். சொல்லிவிட்டு எழுந்து மாட்டுக்குப் புல் போடப் போய்விட்டாள். அன்றைக்குத்தான் தங்கைக்கு இந்த தீம் பார்க் யோசனை வந்தது. மே மாதம் லீவில் வந்ததும் நேராகக் கொச்சிப் பக்கம் போவது, பூங்காவை ஒட்டிய ஹோட்டலில் இரண்டு ராத்திரி தங்குவது, அவர்கள் மூன்று பேர் மட்டும். அந்த இரண்டு நாளில் பிள்ளைக்குத் தன்னோடு ஒட்டுதல் வந்துவிடும் என்பது அவள் கணக்கு.

"அம்மா வந்தாத்தான் நான் போவேன்" என்றாள் பிள்ளை. சரி, நாலு டிக்கெட் ஆயிற்று. எங்கள் வீட்டுக்காரர் மாடுகளோடு இருந்துகொள்வதாகச் சொன்னார். பெரிய மாடு என்னைத் தவிர வேறு யாருக்கும் சுரக்காது, ஆனாலும் இரண்டு நாளைக்குக் கன்றைவிட்டுக் குடிக்க வைத்துக்கொள்கிறேன் என்றார்.

எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. இந்தப் பயணத்தை நான் நன்றாகத் திட்டம் போட்டுக் கொடுத்தால் என்ன ஆகும்? பிள்ளை அவளோடு ஒட்டிக்கொள்வாள், ஜூனில் போய்விடுவாள். கோட்டைவிட்டால் பிள்ளை இங்கேயே இருப்பாள், என் கூடப்பிறந்தவள் ஏர்போர்ட்டில் ஒற்றையாக நின்று அழுவாள். எது நடக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வது? ஒரு நாள் கொல்லங்கோட்டுக் கடையில் போய்ப் பிள்ளைக்கு நைலான் உடுப்பு தேடித் தேடி வாங்குவேன். மறுநாள் அதை எடுத்துப் பீரோவுக்கு அடியில் தள்ளிவிடுவேன். கூடவே எனக்கும் ஒரு நைலான் பேன்ட் வாங்கியிருந்தேன், அந்தக் கூத்தை யாரிடம் சொல்வது.

பிள்ளையிடம் எவ்வளவு முன்கூட்டிச் சொல்வது என்பதிலும் எங்களுக்குள் சண்டை. தங்கை வீடியோ வீடியோவாக அனுப்பினாள், காட்டு, ஆசை வரட்டும் என்று. காட்டினால் "இது முடிஞ்சு எங்க போவோம்?" என்று கேட்பாளே, நான் என்ன சொல்ல? காட்டவில்லை. தங்கை வீடியோ காலில் அவளே காட்டிவிட்டாள். பிள்ளை பார்த்துவிட்டு, "நல்லாருக்குதுங்க போனம்மா" என்றது. அவ்வளவுதான். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், அதன் பின்னாடியே தங்கையை நினைத்து ஒரு சங்கடம்.

இந்த லட்சணத்தில் ஊர்த் திருவிழா, எங்கள் பேச்சில் நோம்பி, வந்தது. எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி எப்போதும் மே மாதக் கடைசியில் வரும், அதை நம்பித்தான் தங்கை மாத நடுவில் எல்லாவற்றையும் புக் செய்திருந்தாள். இந்த வருஷம் கமிட்டிக்காரர்களுக்குள் எந்தச் செவ்வாய்க்கிழமை என்பதில் பேச்சு முற்றி, அம்மனிடமே பூக்கேட்டுவிடுவோம் என்று முடிவானது. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் கட்டி அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் முந்திய தேதி, சிவப்பு வந்தால் பிந்தியது. பூசாரி கூட்டத்தைப் பார்த்தார், முன்னால் நின்ற எங்கள் பிள்ளையைக் கூப்பிட்டார். அது குதித்துக்கொண்டு போய் ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டியது. பிரித்தால் வெள்ளை. எல்லாரும் குலவை போட்டார்கள், நானும் போட்டேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்குச் சுருக்கென்றது, தங்கை புக் செய்த நாள் நோம்பிக்குள் விழுகிறதே என்று.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். நோம்பிக்கு மூன்று கிளையாகக் கவர்விட்ட ஒரு மரக்கொம்பை வெட்டி வந்து கோயில் முன்னால் நடுவார்கள். அதுதான் கம்பம். அம்மனுக்கு அது புருஷன் மாதிரி. தினமும் காலையில் பெண்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவோம். இருட்டினதும் அதன் தலையில் நெருப்புச் சட்டி வைத்து, தப்பட்டை அடித்து, ஆண்கள் சுற்றி ஆடுவார்கள். கடைசி நாள் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விடுவார்கள். நடுகிறபோது ஊருக்குள் இருந்தவர்கள், பிடுங்குகிற வரைக்கும் ராத்திரி வெளியூரில் தங்கக் கூடாது. நடுகிறபோது ஊரில் இல்லாதவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

அதாவது, நானும் பிள்ளையும் கட்டுக்குள். பின்னால் வந்து இறங்கப்போகிற தங்கையும் அவள் வீட்டுக்காரரும் கட்டுக்கு வெளியே. பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் கம்பத்தை நட்ட மாதிரி ஆயிற்று.

போனில் சொன்னேன்.

"ஏக்கா, இந்தக் காலத்துல போயி..." என்று ஆரம்பித்தாள். பிறகு அவளே, "சரி, நல்லா விசாரிச்சுப் பாரு. ஏதாச்சும் வழி இருக்கும்" என்றாள். அவளும் இந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்தானே.

விசாரித்தேன். விசாரிக்காமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். எங்கள் வீட்டுக்காரர், "அதெல்லாம் கம்பம் ஆடற ஆம்பளைங்களுக்குத்தான், உங்களுக்கில்லை" என்றார். பால் சொசைட்டியில் என் பக்கத்தில் கேனோடு நின்ற பெண், "ஒரு ராத்திரின்னா பரவால்லீங்க, மடியில வேப்பலையக் கட்டிட்டுப் போங்க, ரெண்டு ராத்திரி மட்டும் ஆகாதுங்க" என்றாள். கமிட்டிக்காரர் ஒருவர் தாடையைத் தடவிக்கொண்டு, பூக்கேட்பதற்கு முன்னாடியே டிக்கெட் போட்டுவிட்டால் அது கணக்கில் வராது என்று புதிதாக ஒரு சட்டம் சொன்னார். ஆன்லைனில் போட்டிருந்தாலுமா என்று கேட்டேன். அதை யோசித்துத்தான் சொல்லணும் என்றார். ஆளாளுக்கு ஒன்று சொல்ல எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

கடைசியில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பூசாரியிடமே போனேன்.

"ஏனுங்க, கொச்சிக்குப் போயிட்டு ராத்திரி தங்கி வந்தா ஆகாதுங்களா?"

"பகல்ல நீ சிங்கப்பூருக்கு வேணா போயிட்டு வா அம்முணி" என்றார். "ராத்திரி சட்டி வெக்கறப்ப ஊரு எல்லைக்குள்ள இருக்கோணும், அவ்வளவுதான். கம்பம் நிக்கற வரைக்கும் ஆத்தா உங்களை விட்டுக்குடுக்க மாட்டா."

பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பூசாரித் தாத்தா, கம்பத்தை எடுக்காமயே வெச்சிட்டா?"

"எடுக்காம எப்படிச் சாமி? நோம்பி முடியோணுமல்ல" என்று சிரித்தார். பிள்ளை சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

கம்பம் நட்ட மறுநாளிலிருந்து அவள் அதற்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். மற்ற பெண்கள் ஒரு குடம் ஊற்றி, சுற்றி வந்து, மஞ்சள் தொட்டு வைத்துவிட்டுப் போவார்கள். இவள் ஒரு சின்னக் குடத்தை வைத்துக்கொண்டு குழாய்க்கும் கம்பத்துக்கும் நடந்தபடியே இருந்தாள். பார்த்தவர்கள் எல்லாம், புள்ளைக்கு எவ்வளவு பக்தி பாருங்க என்றார்கள். எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் கம்பத்தடி சேறாகிவிட்டது.

"போதும் கண்ணு, வா" என்றேன்.

"இன்னும் கொஞ்சம்மா."

"எதுக்கு இத்தனை ஊத்தற?"

சுற்றிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தாள். "நம்மூட்டுக்குப் பின்னாடி முருங்கைக் கொம்பு நட்டமல்ல, தண்ணி ஊத்தி ஊத்தி வேர் விட்டுது. இதுவும் வேர் விட்டுருச்சுன்னா புடுங்க முடியாதல்ல? அப்பறம் என்னைய எப்படிக் கூட்டிட்டுப் போவாங்க?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வேர் விடாது என்றா, விடட்டும் என்றா? அவள் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டேன், அப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல் அதிலிருந்த மிச்சத் தண்ணீரை நானே கம்பத்துக்கு ஊற்றினேன். தங்கையிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் தாங்கமாட்டாள்.

அவர்கள் வந்து இறங்கியபோது பிள்ளை என் புடவைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "வாங்க" என்றாள். தங்கை பெட்டியைத் திறந்து உடுப்புகளை எடுத்தாள். வயதை வைத்து வாங்கியவை. ஒன்றுகூடப் பிள்ளைக்குச் சேரவில்லை, எல்லாம் முழங்காலுக்கு மேலே நின்றது. பூங்காவுக்காக என்னை அத்தனை முறை அளக்க வைத்தவளுக்கு, உடுப்பு எடுக்கும்போது அந்த அளவு ஞாபகமே வரவில்லையாம். ஒவ்வொன்றாகத் திருப்பி மடித்து வைத்தாள். நான் அடுப்படியில் வேலை இருக்கிற மாதிரி எழுந்து போய்விட்டேன்.

ஹோட்டலை விட்டுவிடுவது, விடியலில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது என்று அன்றைக்கே பேசி முடித்தோம். தங்கை இரண்டு நாள் திட்டத்தை ஒரே நாளுக்குள் மடக்கினாள். எந்த ரைடுக்கு அடுத்து எது, எங்கே சாப்பாடு, எப்போது கிளம்புவது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். கிளம்புவதற்கு முன் கோயிலுக்குப் போய்க் கம்பத்தைக் கும்பிட்டு வந்தாள். போனில் என்னென்னவோ பேசினவள்.

நெம்மாறை தாண்டி வடக்கஞ்சேரியில் பெரிய ரோட்டைப் பிடித்து, குதிரான் சுரங்கத்துக்குள் நுழைந்தபோது பிள்ளை என் மடியில் வாந்தி எடுத்தாள். வாந்திக்கு மாத்திரை திட்டத்தில் இருந்தது, பெட்டியில் இல்லை. பூங்கா வாசலில் வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று பையைச் சோதித்தார்கள். நான் கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை என்ன செய்வது? கார் நிறுத்துகிற இடத்துக்குத் திரும்பி வந்து, காலங்காத்தாலே நாலு பேரும் நின்றுகொண்டே தின்று தீர்த்தோம். தங்கை வீட்டுக்காரர் விடியலுக்கு முன்னிருந்து வண்டி ஓட்டிய களைப்பில், உள்ளே போனதும் ஒரு மரத்தடி பெஞ்சைப் பார்த்துப் படுத்துவிட்டார். திட்டத்தின் மூன்று அங்கங்கள் அங்கேயே கழன்று விழுந்தன.

முதல் ரைடு ஒரு ஆடும் கப்பல். இப்படியும் அப்படியும் வானத்துக்கு ஏறி இறங்குகிறது. பக்கத்தில் போர்டு, பிரஷர் உள்ளவர்கள் ஏறக் கூடாது என்று. எனக்குத் தினம் மாத்திரை.

"நீ வராட்டி நானும் போமாட்டேன்" என்று பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டாள். தங்கை முகத்தைப் பார்க்க முடியவில்லை. அத்தனை மாதம் யோசித்தவள், பிள்ளையின் இன்னொரு கையைப் பிடிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறாள்.

என் வாய் எப்படிச் சொன்னதோ தெரியவில்லை. "போயிட்டு வா சாமி. நான் செருப்பைப் பாத்துக்கிட்டு இங்கயேதான் நிப்பேன். உன்னைய இங்கிருந்து பாப்பேன்."

பிள்ளை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள். கம்பியை இறக்கிப் பூட்டினார்கள், கப்பல் மெதுவாக அசைந்தது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, ஐயோ கடவுளே, தங்கைக்கு ராட்டினம் என்றாலே ஆகாதே! சின்ன வயதில் நெம்மாறை வேலைத் திருவிழாவுக்கு எங்களைக் கூட்டிப்போனபோது, ராட்டினத்தில் ஏற்றிய இரண்டாம் சுற்றிலேயே இறக்கிவிடச் சொல்லி ஊரையே கூட்டியவள். பிள்ளைக்கு என்னென்ன ஆகும் என்று நாலு மாதம் யோசித்தவளுக்குத் தனக்கு என்ன ஆகும் என்று யோசிக்கத் தோன்றவே இல்லை.

கப்பல் உச்சிக்குப் போனது. "அக்காஆஆ! எறக்கச் சொல்லுக்கா! எறக்கச் சொல்லு!" பூங்கா முழுக்கக் கேட்டிருக்கும். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். நான் இரண்டு ஜோடிச் செருப்பையும் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல், "தம்பி, தம்பி" என்று இயந்திரக்காரப் பையனிடம் ஓடினேன். அவன் மலையாளத்தில் "இப்பத் தீரும் சேச்சி" என்று சிரித்தான். நிமிர்ந்து பார்த்தேன். கப்பல் இறங்குகிறபோது தெரிந்தது. தங்கை கண்ணை இறுக்கி மூடியிருந்தாள், பிள்ளை தன் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவள் காதில் கத்திக்கொண்டிருந்தாள்.

"கண்ணத் தொற! ஒன்னும் ஆகாது! நான் இருக்கறனல்ல! நீ என்னையப் பாரு!"

நீ என்றாள். எனக்கு நன்றாகக் கேட்டது.

இறங்கி வந்ததும் தங்கை ஒரு செடிக்குப் பக்கத்தில் குனிந்து புளிசாதம் முழுவதையும் வெளியேற்றினாள். பிள்ளை அவள் முதுகைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னாள். "ம்மா, இவங்களுக்குப் பயம்மா! கண்ணையே தொறக்கல! நான் புடிச்சிக்காட்டி விழுந்திருப்பாங்க!" அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். வரிசையில் நின்ற ஒரு சிறுமி என்ன ஆச்சு என்று மலையாளத்தில் கேட்டதற்கு, "என்டெ அம்மைக்குப் பேடியாணு" என்று பெருமையாகப் பதில் சொன்னாள். என் அம்மாவுக்குப் பயம் என்று. போனம்மா என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையைக் கேட்க வேண்டும் என்று கடல் கடந்து வந்தவள், பாவம், வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததில் காதில் வாங்கவில்லை. கேட்டது நான்தான்.

அதற்கப்புறம் திட்டம் எங்கே போனதோ தெரியாது. "இன்னொருக்கா போலாம், இந்தத் தடவை நீ கண்ணத் தொறக்கோணும்" என்று பிள்ளை அவளை இழுத்துக்கொண்டு அதே கப்பலில் மறுபடியும் ஏறினாள். தங்கை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள், இறங்கினாள், மறுபடியும் ஏறினாள். நடுவிலேயே தண்ணீருக்குள் போய் நனைந்துவிட்டு, நனைந்த துணியோடு வரிசையில் நின்றார்கள். சளி பிடிக்கும் என்று ஒருத்திக்கும் கவலை இல்லை. நான் ஒவ்வொரு இடத்திலும் பையையும் செருப்பையும் வைத்துக்கொண்டு கீழே நின்றேன். முதலில் பிள்ளை மேலே இருந்து எனக்குக் கை காட்டினாள். பிறகு மறந்துவிட்டாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது. பிள்ளை சிரிக்கிற சத்தம் கேட்கக் கேட்க எனக்கும் சிரிப்பு வந்தது. ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். அழுகையும் வந்தது. ஐஸ்கிரீம் உருகிப் புடவையில் ஒழுகிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "மகளும் பேத்தியுமா?" என்று மலையாளத்தில் கேட்டார். எனக்கென்ன அவ்வளவு வயசா தெரிகிறது? ஆமாம் என்றேன். விளக்கிச் சொல்ல என்னால் ஆகாது.

கிளம்பச் சொன்னதும் பிள்ளை அழுதாள். "இன்னும் ஒரே ஒருக்கா!"

"இருட்டறதுக்குள்ள ஊருக்குப் போகோணும் கண்ணு. கம்பம் நட்டிருக்குதல்ல" என்றேன்.

அவள் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

திரும்பும்போது சுங்கச்சாவடி தாண்டியதும் வண்டிகள் எறும்பு மாதிரி நின்றன. பாலம் கட்டுகிற வேலையாம். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. என்னைவிடப் பதறியது தங்கைதான். "அந்தப் பக்கமாப் போங்க, இந்தப் பக்கமாப் போங்க, சட்டி வெச்சறப் போறாங்க" என்று வீட்டுக்காரரைப் பிடுங்கி எடுத்தாள். பிள்ளை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். போகும்போது என் மடியில் வாந்தி எடுத்தவள், வரும்போது தங்கையின் ஈரத் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். கால் மட்டும் என் மடியில் கிடந்தது. நான் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஊர் எல்லை வேப்பமரத்தைத் தாண்டுகிறபோது தப்பட்டை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. தங்கை நெஞ்சில் கை வைத்து, "ஆத்தா" என்றாள்.

மறுநாள் காலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்தேன். பெரிய குடத்தையும் அவளுடைய சின்னக் குடத்தையும் விளக்கி வைத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் பிள்ளை தங்கையின் பாயில் அவளை ஒட்டிப் படுத்துக்கொண்டு முழித்திருந்தாள்.

"எந்திரி சாமி, கம்பத்துக்குத் தண்ணி ஊத்தப் போலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை. தங்கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு ரொம்ப மெதுவாக, தங்கை எழுந்துவிடாதபடி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"வேண்டாம்மா. வேர் புடிச்சிக்கும்."

சின்னக் குடத்தை வாசலிலேயே கவிழ்த்து வைத்துவிட்டு நான் மட்டும் போனேன். கம்பத்தடிச் சேறு கொஞ்சம் காய்ந்திருந்தது. எல்லாரும் ஊற்றிவிட்டுப் போகிற வரைக்கும் ஓரமாக நின்றேன். ஊற்றுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. கொண்டுவந்துவிட்டேனே என்று ஊற்றினேன். ஒரு குடம்தான்.